இரைச்சலுக்குள் ஒரு கப்பல்

தைலத்தின் வாசனைக்குக் கதவு தேவையில்லை. போன சனிக்கிழமை பினாங்குத் தீவிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் போகும் புது ஃபெரியில், கண்ணாடி அடைத்த குளிரறையில், காதுகளில் இரண்டு சின்னக் கருவிகளைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி கைப்பையிலிருந்து பச்சைச் சீசாவை எடுத்தாள், மூடியைத் திருகினாள், சுண்டுவிரலால் நெற்றிப்பொட்டில் தடவினாள். மூடி திறந்த ஓசை எனக்குக் கேட்கவில்லை. இயந்திரம் ஓடுவது கேட்கவில்லை. கடல் இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருந்தது. ஆனால் அந்தக் காரமான பச்சை வாசனை வரிசை தாண்டி வந்து என் மூக்கைப் பிடித்துத் திருகி, "என்னடி, என்னை மறந்துட்டியா?" என்று கேட்டது.

காதுக்கருவி அண்ணன் மகள் கொடுத்தது. கெலுகோரில் படிக்கிறாள். "அத்தை, பஸ்ஸுல உக்காந்து எழுத முடியல, ஒரே சத்தம்னு பொலம்புவீங்கள்ல? இத மாட்டிக்குங்க. ஒலகமே ஆஃப் ஆயிரும்லா." மாட்டிக்கொண்டேன். உலகம் உண்மையிலேயே ஆஃப் ஆனது. ஒரு வரிகூட எழுத வரவில்லை என்பது வேறு விஷயம். பெட்டியின் மேல் 'நாய்ஸ் கேன்சலிங்' என்று போட்டிருந்தது. நான் பெட்டிகளையும் மருந்துச் சீட்டுகளையும் பிஸ்கட் உறைகளையும் உட்கார்ந்து படிக்கிற ஜாதி. கேன்சல் ஆகிறது சரி, அந்த நாய்ஸ் யார், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று அகராதியில் தேடப் போனேன். போனவள் இன்னும் திரும்பி வரவில்லை.

ஆங்கிலத்தில் ஒலிகளுக்கான சொற்கள் பலவற்றுக்குப் பூர்வீகம் கேட்டால் அகராதி கையை விரித்துவிடுகிறது. வண்டின் 'பஸ்', பாம்பின் 'ஹிஸ்', வாய்க்குள் முனகும் 'ஹம்' எல்லாம் காதில் விழுந்ததை அப்படியே வாயால் திருப்பிச் சொன்னவை. நம்முடைய சலசல, கடகட, மொறுமொறு மாதிரி. அப்பா பேர் என்ன என்று கேட்டால் "சத்தந்தான் எங்கப்பா" என்று சொல்லிவிட்டு ஓடிவிடும் பிள்ளைகள். ஆனால் நாய்ஸ் அப்படியில்லை. அந்தச் சொல்லை எத்தனை முறை உருட்டினாலும் அதற்குள் ஓர் இரைச்சலும் கேட்காது. அது வேறு எங்கிருந்தோ மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிய சொல்.

பழைய பிரெஞ்சில் அதற்குச் சண்டை சச்சரவு என்றும் பொருளாம். வம்புக்கு இழுப்பதை 'நுவாஸ் தேடுவது' என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்களாம். அதற்கும் பின்னால் லத்தீனில் நௌசியா: கப்பலில் போகிறவர்களுக்கு வரும் குமட்டல். அதற்கும் பின்னால் கிரேக்கத்தில் நௌஸ்: கப்பல். எல்லாரும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. 'இருக்கலாம்' என்று ஒரு வால் ஒட்டியிருக்கிறது. வேறு சிலர் தீங்கு என்று பொருள்படும் இன்னொரு லத்தீன் சொல்லின் வாசலில் இந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறார்கள். குமட்டல் எப்படிச் சண்டையாகும், சண்டை எப்படிச் சத்தமாகும் என்பதுதான் அவர்களுடைய சந்தேகம்.

எனக்கு அந்தச் சந்தேகம் கொஞ்சமும் இல்லை. நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஃபெரியின் மேல்தட்டில், மூன்று மாதம், காலை தோறும் பார்த்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு, கவிதாயினி ஆவதா ஆசிரியை ஆவதா என்று முடிவாகாமல், மாக் மண்டினில் மின்விசிறிக்குக் கம்பிக்கூடு செய்யும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தேன். தீவிலிருந்து ஃபெரியில் கடந்தால் அக்கரையில் கம்பெனி பஸ் நிற்கும். அந்தப் பழைய ஃபெரியை நீங்கள் பார்த்திருக்கலாம். கீழே கார், மேலே நாம். பக்கங்கள் திறந்து கிடக்கும். அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. வந்தபடியே திரும்பிப் போகும், தலையும் வாலும் ஒன்றான பிராணி. இரும்புப் பாலம் இறங்கும்போது 'தடால்' என்று ஒரு சத்தம். சங்கிலி இழுபடும் சத்தம். இயந்திரம் அடிவயிற்றில் உறுமுவது மரப்பெஞ்சு வழியாக நம் பற்களுக்கு வந்து சேரும். இக்கரையிலிருந்து போகும்போது டிக்கெட் வாங்க மாட்டார்கள், திரும்பி வரும்போதுதான். பினாங்கை விட்டுப் போவது இலவசம், வருவதற்குத்தான் காசு என்று அதை வைத்து நான் ஒரு கவிதைகூட எழுதியிருக்கிறேன். அது இப்போது வேண்டாம்.

அந்த பெஞ்சில்தான் தனம் அக்கா வந்து சேர்ந்தார். இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். வேலை செய்த தையல்கடையை மூடிவிட்டார்கள். தம்பி இன்னும் பள்ளியில். மூன்று மாதம் தகுதிகாண் காலம், அதற்குப்பின் நிரந்தரம் என்று எங்கள் கம்பெனியில் எடுத்திருந்தார்கள். முதல் நாள் ஃபெரி நடுக்கடலுக்கு வந்ததும் அக்கா எழுந்தார், கம்பியைப் பிடித்தார், காலையில் சாப்பிட்டதையெல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பச்சைச் சீசாவை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"என்னக்கா, ஒடம்பு சரியில்லையா?"

"ஃபெரி ஆவாதும்மா எனக்கு."

நான் சிரித்துவிட்டேன். பினாங்கில் பிறந்தவளுக்கு ஃபெரி ஆகாது என்றால், மீன் வந்து தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்ன மாதிரி. அதுவும் என்ன பெரிய கடல்! ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் அக்கரை வந்துவிடும். அலை என்று சொல்லிக்கொள்ளக்கூட ஒன்றும் கிடையாது. ஆனால் அக்காவின் வயிற்றுக்குள் வேறொரு சமுத்திரம் இருந்தது. ஃபெரியில் வராவிட்டால் பஸ்ஸில் வரும். பஸ்ஸில் அடக்கினால் தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் கழிவறைக்கு ஓடுவார்.

அங்கேதான் ஆபத்து. கல்யாணம் ஆகாத பெண், தினமும் காலையில் வாந்தி. ஒரு வாரத்துக்குள் கேன்டீன் முழுக்கப் பேச்சு. எங்கள் கம்பெனியில் அதற்கு முந்தின வருஷம் ஒரு பெண்ணைத் தகுதிகாண் காலத்திலேயே நிறுத்தியிருந்தார்கள், வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும். அப்படிச் செய்யலாமா என்று கேட்க அன்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா "ஃபெரி ஆவாது" என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. சூப்பர்வைசர் அம்மா ஒருநாள் அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பார்ப்போம், மூணு மாசத்துல தெரிஞ்சிரும்ல," என்றாராம். வேலை போனால் அப்பாவின் மருந்து போகும். கெட்ட பேரோடு போனால் அடுத்த வேலையும் கிடைக்காது.

சர்க்கரையில் ஊறிய ஜாதிக்காயை வாயில் அடக்கிப் பார்த்தோம். உப்பு பிளம், இஞ்சி, எலுமிச்சை, கண்ணை மூடுவது, கண்ணைத் திறப்பது, தூரத்து மலையைப் பார்ப்பது எல்லாம் பார்த்தோம். 'பார்த்தோம்' என்று சொன்னது என்னையும் மும்தாஸையும். மும்தாஸ் என் வயதுக்காரி, சூலியா தெருவில் நாசி கண்டார் என்ற குழம்புச் சோற்றுக் கடை வைத்திருந்தவரின் மகள், அதே கம்பெனி. வாயைத் திறந்தால் ஃபெரி ஹாரனுக்கு ஓய்வு கொடுக்கலாம். தனம் அக்கா வந்த இரண்டாவது வாரத்திலேயே அவளாக எங்கள் பெஞ்சுக்கு இடம் மாறி வந்து, அக்காவின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஏன் வந்தாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஒரு காலை எனக்கும் மும்தாஸுக்கும் நிஜமாகவே சண்டை வந்தது. காரணம், குழம்பு. நாசி கண்டாரில் எல்லாக் குழம்பையும் ஒன்றாகக் கலந்து ஊற்றுவது காட்டுமிராண்டித்தனம் என்று நான் சொல்லிவிட்டேன். கடைக்காரர் மகளிடம் சொல்லலாமா?

"கலக்காம தின்னா அது நாசி கண்டாரே இல்லடி! அது கல்யாண வீட்டுப் பந்தி!"

"கலந்தா எது மீனு எது கோழின்னு நாக்குக்கு எப்படித் தெரியும்?"

"ஏன் தெரியணும்? போலீஸா நீ? அக்கா, நீங்க சொல்லுங்க!"

அக்கா இரண்டு பக்கமும் கேட்டார். குறுக்கு விசாரணை செய்தார். "தனித்தனியா ஊத்தணும், ஆனா தட்டுல அதுங்களே கலந்துக்கும், நாம தடுக்கக்கூடாது" என்று தீர்ப்புச் சொல்லி முடிக்கவும், ஃபெரி அக்கரையில் இடித்து நின்றது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா வாந்தி எடுக்கவில்லை.

அன்றிலிருந்து அது எங்கள் வழக்கமானது. ஃபெரியில் கால் வைத்ததும் ஒரு சண்டை, அக்கா நாட்டாமை. பட்டர்வொர்த் பினாங்கில் சேர்த்தியா இல்லையா? டுரியானில் எந்த மரத்துப் பழம் உசத்தி? செத்தவர்கள் ஃபெரி ஏறுவார்களா, ஏறினால் எந்தப் பக்கம் இறங்குவார்கள்? ஒரு நிபந்தனை உண்டு. சண்டை நிஜமாக இருக்க வேண்டும். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் இருவரும் பேசி வைத்துக்கொண்டு பொய்ச்சண்டை போட்டோம். பாதி வழியில் அக்கா கம்பிக்கு ஓடிவிட்டார். வயிறு கண்டுபிடித்துவிடுகிறது. ஆகவே நாங்கள் முதல்நாள் இரவே தலையணையில் படுத்து நாளைக்கு எதில் மெய்யாகவே ஒத்துப்போகமாட்டோம் என்று தேட வேண்டியிருந்தது. சிநேகிதிகளுக்கு இது எவ்வளவு கடினமான வீட்டுப்பாடம் என்று நினைத்துப் பாருங்கள். திரும்பும்போது கவலையில்லை, யாரும் பார்க்காத மாலைகளில் அக்கா தாராளமாகக் கடலுக்குக் கொடுத்துக்கொள்வார்.

கழிவறை ஓட்டம் நின்றது. கேன்டீன் பேச்சும் மெல்ல வேறொருத்தியின் பக்கம் நகர்ந்தது. மூன்று மாதம் முடியப்போகும் நேரத்தில், எங்களிடம் குழம்பும் டுரியானும் ஆவியும் தீர்ந்துபோயின. அப்படிப்பட்ட ஒரு வறட்சி நாளில்தான் மும்தாஸ், பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில் வந்திருந்த என் கவிதையைக் கையில் எடுத்தாள்.

"அந்தப் பக்கத்துல எங்கத்தா நாசி கட்டிக் குடுத்தாங்கடி. குழம்பு ஒழுகாம நின்னுச்சு. அதுக்கு மேல அதுல என்ன இருக்கு?"

சண்டைக்காகத்தான் சொன்னாள். ஆனால் பத்தொன்பது வயதுக் கவிதாயினியின் மேல் அது எப்படி விழுந்திருக்கும்! அக்கா தீர்ப்புச் சொல்வதற்குள் நான் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டேன். அவளும் கூப்பிடவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. குழம்பைத் தாங்கி நின்ற கவிதை என்று சொல்லிக்கொள்ள அதற்குப்பின் எனக்கு எதுவுமே வாய்க்கவில்லை.

மறுநாள்தான் அக்காவுக்கு நேர்காணல். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராக ஆபீஸுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். முகம் வெளுத்து, வாயைப் பொத்திக்கொண்டு ஓடினால், மூன்று மாதமும் வீண். அக்கா நல்ல நீலச் சட்டை போட்டு, தலையை இறுக்கி வாரிக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்தார். நான் ஒரு பக்கம், மும்தாஸ் ஒரு பக்கம். அக்காவுக்காக உட்கார்ந்துவிட்டோமே தவிர, வாய் திறக்கவில்லை. ஃபெரி நகர்ந்தது.

"பேசுங்கடி," என்றார் அக்கா.

நான் கடலைப் பார்த்தேன்.

"கெஞ்சிக் கேக்குறேன். ஏதாச்சும் சண்டை போடுங்கடி."

"சண்ட இல்லக்கா இன்னைக்கி," என்றாள் மும்தாஸ். "இவகூட எனக்குப் பேச்சே இல்ல."

எனக்குப் பேச வேண்டும் என்றுதான் இருந்தது. நாக்கு எழவில்லை. நிஜமான கோபத்துக்குச் சத்தம் கிடையாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். நடுக்கடல் வந்தது. அக்காவின் உதட்டோரம் வெளுத்தது. சீசாவைத் திறந்தார், மூடினார். எழுந்து கம்பியைப் பிடித்தார். சரி, முடிந்தது என்று நினைத்தேன். அக்கா கடல் பக்கம் குனியவில்லை. எங்கள் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் போடுறேன் சண்ட. ஏ மும்தாஸ்! கேன்டீன்ல அத்தன பேர் முன்னால 'என்னக்கா, ஏதாச்சும் விசேஷமா'ன்னு மொத மொதல்ல கேட்டது யாருடி?"

மும்தாஸின் முகம் அப்படியே நின்றுவிட்டது. எனக்கு அது அதுவரை தெரியாது.

"வெளையாட்டுக்குக் கேட்டேன்கா..."

"வெளையாட்டா? ஒனக்கு ஒரு வாய் வெளையாட்டு. எனக்கு மூணு மாசம் தூக்கமில்ல! எங்கப்பா காதுக்குப் போயிருந்தா என்னாயிருக்கும்?"

"அதுக்குத்தானேக்கா தெனமும் ஒங்க பக்கத்துல வந்து உக்காந்து தொண்ட கிழியக் கத்துறேன்!"

"கத்துனே. தப்புன்னு ஒரு வார்த்த சொன்னியா?"

"கேட்டது தப்பில்ல! நம்புனாங்கல்ல, அவங்கதான் தப்பு!"

"பாருடி இவள! இன்னும் தப்பில்லங்குறா!" அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ என்னா பாக்குற? நாசி கட்டுனா ஒங் கவித செத்தா போச்சு? நாலு பேரு பசி ஆறுச்சுல்ல? அதுக்கு ரெண்டு நாளு மூஞ்சத் தூக்கி வைப்பியா?"

"ஒரு நாள்தான்கா," என்றேன் நான். அவ்வளவுதான் வந்தது.

பிறகு மூவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். யார் என்ன சொன்னோம் என்று கடலுக்குத்தான் தெரியும். மும்தாஸ் அழுதுகொண்டே கத்தினாள். மேல்தட்டில் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. காப்பிப் பையை உறிஞ்சிக்கொண்டிருந்த சீனக் கிழவர் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். எதிர் பெஞ்சில் கூடையோடு இருந்த மலாய்க்கார அம்மா, மாக்சிக் என்போம், பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "கெனாப்பா பீசிங்?" ஏன் இவ்வளவு சத்தம்?

அக்கா மூச்சு வாங்க, மிக மரியாதையாகப் பதில் சொன்னார்: "மாபோக் லாவுட், மாக்சிக்."

கடல் மயக்கம்!

மாக்சிக் எங்கள் மூவரையும் பார்த்தார். அனுதாபத்தோடு தலையை ஆட்டிவிட்டுக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முதலில் சிரித்தது மும்தாஸ்தான், மூக்கைச் சிந்திக்கொண்டே. இரும்புப் பாலம் 'தடால்' என்று இறங்கியது. அக்கா நீலச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, கோபத்தில் சிவந்த முகத்தோடு, ராணி மாதிரி இறங்கி நடந்தார். அந்த முகத்தைப் பார்த்து யார் நோயாளி என்று சொல்வார்கள்? அன்று மதியம் கேன்டீனில் எங்கள் தட்டுகளில் ஆளுக்கு ஒரு முட்டை கூடுதலாக வைத்தார். வேலை நிரந்தரம் என்பதை அப்படித்தான் எங்களுக்குச் சொன்னார்.

இப்போது சொல்லுங்கள். கப்பல், குமட்டல், சண்டை, சத்தம். அகராதி ஒரு பக்கம் முழுக்க 'இருக்கலாம், இருக்கலாம்' என்று தயங்குவதை, ஒரு மாக்சிக் கேள்வியாகவும் எங்கள் அக்கா பதிலாகவும் இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். நம் மொழியும் இதை அறிந்தே இருக்கிறது. 'அவங்க வீட்டுல ஒரே சத்தம்' என்றால் பாட்டுக் கச்சேரி என்றா நினைக்கிறோம்? 'அப்பா சத்தம் போட்டாரு' என்றால் ஹாரன் அடித்தார் என்றா? பள்ளியில் படித்த நாவாயும் அந்தக் கிரேக்க நௌஸும் ஒரே தண்ணீரில் மிதந்தவை என்போர் உண்டு, இல்லை என்போரும் உண்டு. அவர்களும் சண்டை போடட்டும். யாருக்காவது குமட்டல் நிற்கும்.

அந்தப் பழைய ஃபெரிகள் இப்போது ஓடுவதில்லை. புதுசு வேகமாகப் போகிறது, இரும்புப் பாலம் இறங்குவதில்லை, அவரவர் திரையை அவரவர் பார்த்துக்கொண்டு கடக்கிறார்கள். கம்பெனியும் மாக் மண்டினில் இல்லை. எங்கே போயிற்று என்று கேட்டால் ஆளுக்கு ஓர் ஊர் சொல்கிறார்கள். தனம் அக்கா அக்கரையில், பத்து காவான் என்ற ஊரில், தம்பி வீட்டில் இருக்கிறார். கடற்பாலத்தில் காரில் போய்விடலாம், கடல் காலில்கூடப் படாது. இத்தனை வருஷம் கம்பி வெட்டும் இயந்திரங்களின் நடுவில் நின்றதில் அக்காவின் காது போய்விட்டது. போனால் பக்கத்தில் உட்கார்ந்து கத்தித்தான் பேசுகிறேன். அவரும் கத்துகிறார். அக்கம்பக்கத்துப் புது வீடுகளில் திரைச்சீலை விலகுகிறது, சண்டை என்று. அவர்கள் நினைப்பில் பெரிய தவறு இல்லை. மும்தாஸ் எங்கே என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. நாசி கண்டார் கடை இருந்த இடத்தில் இப்போது விடுதி. உள்ளே நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன், எலுமிச்சைப்புல் வாசனைதான் வந்தது.

அவளைக் கடைசியாகப் பார்த்ததும் அக்கரையில்தான். கல்யாணம் முடிந்து கோலாலம்பூருக்குப் போகிறாள். வழியனுப்ப அக்காவும் நானும் பட்டர்வொர்த் ரயில் நிலையத்துக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் பெட்டிகளோடு முன்னால் நடந்தார்கள். மும்தாஸ் பின்தங்கி, மருதாணிக் கையால் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"அக்கா, அன்னைக்கி நான் கேட்டது தப்புதான்கா."

அக்கா கையை உதறினார். படகுத்துறைப் பக்கம் ஹாரன் ஒலித்தது. நாங்கள் இருவரும் ஏற வேண்டிய ஃபெரி.

"இப்ப வந்து ஏன்டி இதச் சொல்றே? தப்பில்லேன்னு சொல்லு. தப்பே இல்லேன்னு சத்தமா சொல்லிட்டுப் போ. நான் கடலத் தாண்டி வீட்டுக்குப் போவணும்லா."